புரட்டாசி பேக்கன்

வியாழக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு கெஸ்ட் ஹவுசில் எடுபிடி வேலை பார்க்கும் பிஸ்வஜித் போன் செய்தான்.

"அக்கா, நாளைக்கு ஒரு புது ஆள். ஜெர்மனி. அவருக்கு பீகன். ஒன்லி பீகன். ராஜசேகர் சார் சொல்றார்."

"இன்னாது?"

"பீகன் அக்கா. பீகன்."

"சரி சரி, புரியுது."

வினோதினி போனை வைத்தாள். 'பீகன், பீகன்' என்று சொல்லிப் பார்த்தாள். புரியவில்லை. புரியவில்லை என்று சொல்கிற நிலையில் அவள் இல்லை.

ஒன்பது வருஷம் ஒரகடத்தில் கார்களுக்கு ஒயர்க் கட்டு செய்யும் கம்பெனியில் நின்றவள். நின்றவள் என்றால் நின்றவள்தான். அங்கே நாற்காலி கிடையாது. போன மாசம் அதை விட்டுவிட்டாள். வேறொரு கம்பெனியின் கெஸ்ட் ஹவுஸ் கூட்டு ரோட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. வெளியூரிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வருகிற இன்ஜினியர்கள் தங்குவார்கள். அவர்களுக்குக் காலை டிபனை வீட்டிலேயே செய்து, ஸ்கூட்டியில் வைத்து, ஏழரைக்குள் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அட்மின் ராஜசேகர் தெளிவாகச் சொல்லியிருந்தார்: ரெண்டு வாரம் பார்ப்போம். ஒரு கம்ப்ளைன்ட்கூட வரக் கூடாது. வரவில்லை என்றால் வேலை உங்களுக்குத்தான்.

ரெண்டு வாரம் சனிக்கிழமையோடு முடிகிறது. இதுவரை புனேகாரர்கள் ரெண்டு பேர். இட்லி வைத்தாலும் பொங்கல் வைத்தாலும் தட்டைக் கழுவியதுபோல் அனுப்புவார்கள். கம்ப்ளைன்ட் இல்லை. வந்தால், ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கேட்டரிங்காரர் தயாராக நிற்கிறார். அவள் மறுபடி கம்பெனிக்கு ஆள் எடுக்கும் கான்ட்ராக்டரிடம் போய் நிற்க வேண்டியதுதான். மறுபடி லைன். மறுபடி நைட் ஷிப்ட்.

தரையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த மகள் நிலா தலையைத் தூக்கினாள்.

"பேகனாம்மா? மயிலுக்குப் போர்வை குடுத்தாரே, அவரு."

"அவர ஜெர்மன்காரன் துன்ன மாட்டான். நீ எழுது."

அவள் புருஷன் விமல்ராஜ் ஓ.டி. முடித்து ஏழு மணிக்குக் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கினான். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. விஷயத்தைக் கேட்டதும் சிரித்தான்.

"அது பேக்கன் வினோ. பன்னி. மெலிசா சீவி, உப்புல ஊறப்போட்டு, பொகை காட்டி வச்சிருப்பான். எங்க பிளான்ட்டுக்கு வர்ற வெள்ளக்காரனுங்க அது இல்லாம காலைல கண்ணத் தொறக்க மாட்டானுங்க. ஸ்ரீபெரும்புதூர்ல கொரியாகாரன் கடைல பாக்கெட்டா கீது. போய் வாங்கினு வரட்டா?"

வினோதினி சாமி அலமாரியைப் பார்த்தாள். அவனும் பார்த்தான்.

புரட்டாசி. மாசம் பிறப்பதற்கு முந்தின நாளே கறிச்சட்டியைப் புளி போட்டுத் தேய்த்து, சாக்கில் சுற்றி, பரண் மேல் ஏற்றியாகிவிட்டது. முட்டைகூட வாசலைத் தாண்டுவதில்லை. மறுநாள் விட்டு மறுநாள் மூன்றாம் சனிக்கிழமை. பெருமாளுக்குத் தளிகை போட வேண்டும்.

"வூட்டுக்குள்ள பன்னியா? புரட்டாசியில?"

"நாம துன்னலியே. அடுப்புல ஏத்தி எறக்குறோம், அவ்ளோதான்."

"எந்த அடுப்புல மாமா? தளிகை வெக்கிற அடுப்புலயா?"

கையில் எடுத்திருந்த வண்டிச் சாவியை மறுபடி ஆணியில் மாட்டினான். செருப்பைக் கழற்றினான்.

"அப்ப முடியாதுன்னு சொல்லிரு."

"சொன்னா சனிக்கிழமையோட கத முடிஞ்சிச்சு."

விமல்ராஜ் போனை எடுத்து நோண்டிக்கொண்டிருந்தான். பிறகு அவள் பக்கம் திருப்பினான்.

"இத்தப் பாரு. பன்னி இல்லாம பன்னி பண்றா."

வீடியோவில் ஒரு பெண் கண்ணாடிபோல இருந்த ஏதோ ஒரு தாளைத் தண்ணீரில் நனைத்தாள். ரெண்டு தாளை ஒன்றோடொன்று ஒட்டினாள். கத்தரிக்கோலால் பட்டை பட்டையாக வெட்டினாள். சிவப்பான குழம்பில் தோய்த்தாள். கல்லில் போட்டாள். பட்டை சுருண்டு, ஓரம் கருகி, அசல் கறித்துண்டுபோல் ஆனது.

"அரிசித் தாளாம். அது எங்க கெடைக்கும்னு தெரியல," என்றான் விமல்ராஜ்.

வினோதினி இன்னொரு தடவை பார்த்தாள். இந்தத் தடவை சத்தம் இல்லாமல்.

"இது இலை வடாம் மாமா," என்றாள். "காயப்போடாத இலை வடாம்."

அரிசியை ஊறப்போட நேரமில்லை. பச்சரிசி மாவு இருந்தது. உப்புப் போட்டு, மோர்போல நீர்க்கக் கரைத்தாள். கரைசலைப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதியில் பீட்ரூட்டைத் துருவிப் பிழிந்துவிட்டாள். வடாம் தட்டில் நல்லெண்ணெய் தடவி, சிவப்பு ஒரு கோடு, வெள்ளை ஒரு கோடு என்று கரண்டியால் இழுத்து ஊற்றினாள். கோடுகள் ஒன்றின் மேல் ஒன்று சரிந்தன. சரிந்ததுதான் நன்றாக இருந்தது. படத்தில் கறியும் கொழுப்பும் அப்படித்தான் சரிந்து கிடந்தன. இட்லிப் பானையில் வேகவைத்து, ஆறவிட்டு, உரித்தாள்.

முதல் தட்டு கிழிந்தது. ரெண்டாவது தட்டு உரிந்தது, ஆனால் பொரித்த பிறகு பல்லுக்கு மசியவில்லை.

"சைக்கிள் ட்யூப் மாரி கீது," என்றான் விமல்ராஜ், மென்றுகொண்டே.

"துப்பிடு. நாக்குல நம்பர் பிளேட்டு ஒட்டிக்கப் போவுது."

மூன்றாவது தட்டை உரித்ததும் ஃபேனுக்கு அடியில் துணி விரித்து அரை மணி நேரம் போட்டு வைத்தாள். அதற்குள் குழம்பைத் தயார் செய்தாள். சோயா சாஸ், பூண்டுச் சாறு, மிளகாய்த்தூள், மிளகு. வீடியோவில் தேன் ஊற்றினார்கள். வீட்டில் தேன் இருந்தது, ஆனால் அது சாமி அலமாரியில் அபிஷேகத்துக்கு எடுத்து வைத்தது. அதைத் தொடாமல் வெல்லத்தைக் கரைத்து ஊற்றினாள். காய்ந்ததைப் பட்டை பட்டையாக வெட்டி அதில் தோய்த்தாள். புகைக்குத் தேங்காய் ஓடு. ஒரு துண்டைக் கனலாக்கி, சின்னக் கிண்ணத்தில் வைத்து, பட்டைகளுக்கு நடுவில் இறக்கி, மேலே ரெண்டு சொட்டுக் கடலெண்ணெய் விட்டு, சட்டென்று மூடினாள். பத்து நிமிஷம் கழித்துத் திறந்தபோது வீடு முழுக்க அடுப்படிப் புகை வாசனை.

கல்லில் போட்டாள். சுருண்டது. ஓரம் மொறுமொறுவென்றும் நடு இழுவையாகவும் வந்தது.

நிலா நாலு துண்டு தின்றுவிட்டு ஐந்தாவதுக்குக் கை நீட்டினாள்.

"பேக்கன் மாரி கீதா?" என்று கேட்டாள் வினோதினி.

"எனக்கு இன்னா தெரியும்? நான் துன்னா கண்டேன்? படத்துல கீற மாரியே கீது," என்றான் விமல்ராஜ்.

"ஏமாத்துறோமோ மாமா?"

விமல்ராஜ் யோசித்தான். "ஏமாத்துறோம்தான்," என்றான். "வேற இன்னா பண்றது?"

மறுநாள் காலை, ராத்திரியே வெட்டிப் புகை காட்டி வைத்திருந்த பட்டைகளில் ஆறைப் பொரித்தாள். நாலு பச்சையாக மிச்சமிருந்தன. டப்பாவில் ஆறு பட்டை, தவாவில் வாட்டிய ரெண்டு பிரெட், நறுக்கிய பப்பாளி. டப்பா மாறிப் போய்விடக் கூடாதென்று நிலா மூடியின் மேல் ஒரு தாளை ஒட்டி, சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் BACON என்று எழுதினாள். பக்கத்தில் ஒரு பன்றி மூஞ்சியும் வரைந்தாள். மூக்கில் ரெண்டு ஓட்டை.

ஏழு இருபதுக்கு பிஸ்வஜித் கேட்டில் நின்று கூடையை வாங்கிக்கொண்டான்.

"பீகன் ரெடியா அக்கா?"

"ஒரிஜினல்," என்றாள் வினோதினி. "பஸ்ட் கிளாஸ்."

திரும்பி வந்தாள். நிலா வேன் ஏறிப் போனாள். விமல்ராஜ் ஆறு மணிக்கே போயிருந்தான். வடாம் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ராஜசேகர்.

"என்னம்மா பண்ணி வச்சிருக்கீங்க?" குரல் அடங்கி இருந்தது. கத்துவதைவிட அது மோசம். "அந்த மனுஷன் டப்பாவைப் பார்த்துட்டு எழுந்து போயிட்டார்."

"சார், பேக்கன்தான சார் கேட்டாரு?"

"பேக்கனா? வீகன்ம்மா, வீகன்! கறி, முட்டை, பால், தயிர், நெய், தேன் எதுவும் தொட மாட்டார். செடி கொடியில விளையறது மட்டும்தான். அவருக்குப் பன்றிக்கறி வச்சிருக்கீங்க. அதுல படம் வேற."

"பிஸ்வஜித் பேக்கன்னுதான் சார் சொன்னான்."

"அவன் ஏன் அப்படிச் சொல்லப் போறான்?"

பின்னால் பிஸ்வஜித்தின் குரல் அழுகிற மாதிரி கேட்டது. "நான் பீகன் சொல்றேன் சார். பீகன்தான் சொல்றேன். பினோதினி அக்கா, சொல்லுங்க அக்கா."

பினோதினி அக்கா.

அவன் ஒடிசாக்காரன். ரெண்டு வாரமாக அவளை அப்படித்தான் கூப்பிடுகிறான். சொல்லின் தொடக்கத்தில் 'வ' வந்தால் அவன் வாயில் அது 'ப'தான். வல்லம் அவனுக்குப் பல்லம். வண்டி அவனுக்குப் பண்டி. ரெண்டு வாரமாகக் கேட்டும் அது அவள் காதில் ஏறவில்லை.

வினோதினி ஈரக் கையோடு சுவரில் சாய்ந்தாள். டப்பாவுக்குள் பன்றி இல்லை. முதலில் அதுதான் தோன்றியது. பன்றி இல்லை, பன்றி இல்லை, பெருமாளே பன்றி இல்லை. அடுத்த மூச்சில் இன்னொன்று தோன்றியது. இல்லை என்று சொல்ல வேண்டுமானால், இல்லாததை இருக்கிறது என்று சொல்லிக் கொடுத்ததையும் சொல்ல வேண்டும்.

"சார், அவரு கெளம்பிட்டாரா?"

"எட்டே முக்காலுக்கு வண்டி. ரூம்ல இருக்கார்."

"பத்து நிமிசம் சார். நான் வரேன்."

மாவுப் பாத்திரம், பீட்ரூட், வடாம் தட்டு, மிச்சமிருந்த நாலு பட்டை, எண்ணெய். எல்லாவற்றையும் கூடையில் திணித்தாள். ரோட்டில் கம்பெனி பஸ்கள் வரிசை கட்டி நின்றன. இடது பக்க மண்ணில் இறக்கி ஓட்டினாள்.

கெஸ்ட் ஹவுசில் புனேகாரர்கள் பொங்கலைத் தலை குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். டப்பா மேசையின் மறுகோடியில், மூடியின் மேல் பன்றி சிரித்தபடி, தனியாகக் கிடந்தது. ஜெர்மன்காரர் ஜன்னலோரம் நின்றிருந்தார். ஐம்பது வயது இருக்கும். உயரம். முகத்தில் கோபம் இல்லை. ஒருவித அசதி இருந்தது, இது தனக்குப் பழக்கம்தான் என்பதுபோல.

ராஜசேகர் அவளைப் பார்த்தார்.

"சார், அது கறி இல்ல," என்றாள் வினோதினி. "அரிசி மாவு. பீட்ரூட்டு. நான் பொய் சொன்னேன் சார்."

"என்ன பொய்?"

"பேக்கன் கேட்டாருன்னு நெனச்சேன். புரட்டாசி சார். வூட்டுக்குள்ள பன்னி கொண்டாரக் கூடாது. முடியாதுன்னு சொன்னா வேலை போயிரும்னு, மாவுல அது மாரியே செஞ்சி, ஒரிஜினல்னு சொல்லிக் குடுத்துட்டேன்."

ராஜசேகர் ஜெர்மன்காரர் பக்கம் திரும்பி இங்கிலீஷில் சொல்ல ஆரம்பித்தார். புரட்டாசியை விளக்க ஒரு நிமிஷம் ஆனது. பெருமாளை விளக்க இன்னொரு நிமிஷம். புனேகாரர்கள் சாப்பிடுவதை நிறுத்தியிருந்தார்கள். ஜெர்மன்காரர் கேட்டு முடித்துவிட்டு டப்பாவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், ஏதோ கேட்டார்.

"நம்பறதா வேண்டாமான்னு அவருக்குத் தெரியலையாம்," என்றார் ராஜசேகர். "எனக்கும் தெரியலை. பால், நெய், தேன் எதுவும் இந்த டப்பாவில இல்லையா? யோசிச்சுச் சொல்லுங்க."

வினோதினி யோசித்தாள். தட்டில் தடவியது நல்லெண்ணெய். புகைக்கு விட்டது கடலெண்ணெய். தேனுக்குப் பதில் வெல்லம். பப்பாளி பப்பாளிதான். பிரெட்.

சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியாது. வாட்டிய பிரெட் காய்ந்துதான் இருந்தது.

"பிரெட்டுல வெண்ண தடவினேன் சார். தவாவுல போடறதுக்கு முன்ன. கொஞ்சம்தான். ஆனா தடவினேன்."

ராஜசேகர் அதை மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை. அவள் விரலால் பிரெட்டைக் காட்டி, தடவுவதுபோல் கையசைத்து, தலையை ஆட்டியதிலேயே ஜெர்மன்காரருக்குப் புரிந்துவிட்டது. அவர் முகம் அப்போதுதான் முதல் தடவையாக இளகியது. ராஜசேகரிடம் மெதுவாக ரெண்டு வாக்கியம் சொன்னார்.

"வெண்ணெயை ஒத்துக்கிற ஆள் பன்றியை மறைக்க மாட்டாங்கன்னு சொல்றார்," என்றார் ராஜசேகர். "எப்படிச் செஞ்சீங்கன்னு பார்க்கணுமாம். வண்டிக்கு இருபது நிமிஷம் இருக்கு."

டீ போடுகிற சின்ன அடுப்படி அது. ஜெர்மன்காரர் கதவில் தலை இடிக்காமல் குனிந்து வந்து நின்றார். பிஸ்வஜித் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு பானையில் தண்ணீர் வைத்தான். வினோதினி தட்டில் எண்ணெய் தடவி, சிவப்பு ஒரு கோடு, வெள்ளை ஒரு கோடு இழுத்தாள். கோடுகள் நேற்றைவிட அழகாகச் சரிந்தன. வெந்ததும் ஓரத்தை நகத்தால் கிளப்பி, ஒரே இழுவையில் உரித்து, வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினாள். அது ஈரமாக, மெல்லிசாக, கண்ணாடிபோல் தொங்கியது. பின்னால் ஜன்னல் தெரிந்தது.

ஜெர்மன்காரர் "ஆ" என்றார்.

"இது காயணும், அதுக்கு நேரமில்ல. நேத்து காஞ்சது நாலு கீது, அத்தப் பொரிக்கிறேன்னு சொல்லுங்க சார்."

நாலையும் பொரித்தாள். அவர் ஒன்றை எடுத்து ஊதி, முகர்ந்து, கடித்தார். மென்றார். வெகு நேரம் மென்றமாதிரி அவளுக்கு இருந்தது. பிறகு ஒரு கேள்வி கேட்டார்.

"நீங்க பேக்கன் சாப்பிட்டிருக்கீங்களான்னு கேட்கிறார்."

"மோந்ததுகூட இல்ல சார்."

அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே ரெண்டாவதை எடுத்தார்.

"முப்பது வருஷம் அதைச் சாப்பிட்டவராம். விட்டு நாலு வருஷம் ஆச்சாம். இது அது மாதிரி கொஞ்சம்கூட இல்லைங்கிறார்."

வினோதினி அடுப்பை அணைத்தாள்.

"அவசரப்படாதீங்கம்மா, முழுசாச் சொல்ல விடுங்க. அது மாதிரி இல்லாததுதான் பிடிச்சிருக்காம். நாளைக்கும் வேணுமாம்."

மூன்றாவதையும் நாலாவதையும் அவர் கையில் எடுத்துக்கொண்டே வண்டி ஏறினார். புனேகாரர்கள் அவர் பின்னால் போனார்கள். ஒருவர் போகிற போக்கில் மேசை மேலிருந்த டப்பாவைத் திறந்து ஒரு பட்டையை வாயில் போட்டுக்கொண்டார்.

வண்டி கேட்டைத் தாண்டியதும் ராஜசேகர் திரும்பினார்.

"கறி கேட்டப்ப காயைக் குடுத்துட்டு ஒரிஜினல்னு சொன்னீங்க. தப்பிச்சீங்க. நாளைக்கு ஒருத்தர் காய் கேட்டு, நீங்க வேற எதையோ குடுத்துட்டு ஒரிஜினல்னு சொன்னா?"

"சொல்ல மாட்டேன் சார்."

"எப்படி நம்பறது?"

"முடியலன்னா முடியலன்னு சொல்லிருவேன். புரியலன்னா புரியலன்னு சொல்லிருவேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "நேத்து புரியலன்னு சொல்லிருந்தா இவ்ளோ கூத்து இல்ல."

ராஜசேகர் பிஸ்வஜித்தைப் பார்த்தார். பிஸ்வஜித் தரையைப் பார்த்தான்.

"இவன் சொல்றது எனக்கே பாதி புரியாது," என்றார். "இனிமே எங்கிட்ட கேளுங்க. மெனுவை எழுதி அனுப்பறேன். சனிக்கிழமை வரைக்கும் பார்ப்போம்னு சொன்னேன் இல்லையா, அதை விடுங்க. திங்கக்கிழமையிலிருந்து ரெகுலர்." வாசல்வரை போனவர் நின்றார். "அந்தப் படத்தைக் கிழிச்சிடுங்க. எனக்குப் பார்க்கவே பயமா இருக்கு."

அவர் கார் போகிற சத்தம் அடங்கும்வரை வினோதினி அசையாமல் நின்றாள். பிறகு அடுப்படியில் கவிழ்த்திருந்த பக்கெட்டின் மேல் உட்கார்ந்தாள். காலையில் நாலு மணிக்கு எழுந்ததிலிருந்து அப்போதுதான் ஓய்ந்து உட்காருகிறாள்.

பிஸ்வஜித் டீ போட்டுக் கொண்டுவந்து நீட்டினான்.

"நான் தப்பு சொல்றேனா அக்கா?"

"இல்லடா. நீ சரியாத்தான் சொன்ன. எனக்குத்தான் கேக்கல."

"என் பேர் பிஸ்வஜித். ஊர்ல எல்லாரும் 'ப'தான் சொல்றாங்க."

"இங்க பள்ளிக்கூடத்துல படிச்சிருந்தா நீ விஸ்வஜித்து."

அவன் அதைச் சொல்லிப் பார்த்தான். "பிஸ்வஜித்து." ரெண்டு பேரும் சிரித்தார்கள். அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. டீ தளும்பிக் கையில் கொட்டியது.

பத்து மணி டீ பிரேக்கில் விமல்ராஜ் கூப்பிட்டான். பின்னால் லைன் ஓடும் இரைச்சல்.

"இன்னா ஆச்சு? துன்னாரா?"

அவள் முதலிலிருந்து சொன்னாள். டப்பா, பன்றி மூஞ்சி, வீகன், வெண்ணெய், திங்கக்கிழமை. லைன் இரைச்சலில் போன் கட்டாகிவிட்டதோ என்று அவள் பார்த்தாள்.

"மாமா?"

"கீறேன். நேத்து நான் கொரியாகாரன் கடைக்குப் போறதுக்கு வண்டிச் சாவிய எடுத்துட்டேன் வினோ. நீ அந்த அடுப்பப் பத்தி சொல்லலன்னா போயிருப்பேன்."

"போவலியே."

"போயிருந்தா?"

"போவலியே மாமா," என்றாள் அவள் மறுபடியும்.

அந்தப் பக்கம் மணி அடித்தது. பிரேக் முடிந்தது. அவன் வைக்கவில்லை.

"ஒயுங்கா துன்னியா நீ?" என்று கேட்டான்.

"இல்ல."

"துன்னு மொதல்ல."

டப்பாவில் அஞ்சு பட்டை மிச்சமிருந்தது. ஆறிப்போய், மொறுமொறுப்பு போய், நேற்று ராத்திரி சைக்கிள் ட்யூப் என்று அவன் சொன்ன பதத்துக்கு வந்திருந்தது. வினோதினி மூணை பிஸ்வஜித்துக்குக் கொடுத்துவிட்டு, ரெண்டை அந்த வெண்ணெய் தடவிய பிரெட்டுக்கு நடுவில் வைத்து, பக்கெட்டின் மேல் உட்கார்ந்தபடியே, அவசரமில்லாமல் தின்றாள்.